குளம் உறைந்தால் வெப்பம் எங்கே போகும்? மந்திரக் கதையில் பௌதிகம் தேடும் வாசகர்கள்

இணையத்தில் வாராவாரம் வெளியாகும் ஒரு மாயாஜாலச் சித்திரக்கதையை எடுத்துக்கொள்வோம். நாயகியைச் சிப்பாய்கள் துரத்துகிறார்கள். எதிரே பெரிய குளம், கரையில் வள்ளம் இல்லை. அவள் குனிந்து தண்ணீரில் விரலை வைக்கிறாள். அடுத்த கட்டத்தில் குளத்தின் குறுக்கே வெள்ளைப் பனிப்பாதை ஒன்று அக்கரை வரை நீண்டு கிடக்கிறது. அவள் அதன்மேல் ஓடிக்கொண்டிருக்கிறாள். இப்படியொரு காட்சி வந்தால் வாசகர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுவார்கள். கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கிற அண்ணனும் சாதாரண தரம் படிக்கிற தங்கையும் ஒரே போனில் இதைப் பார்த்தால், "குளத்தில இருந்த வெப்பமெல்லாம் எங்க போனது?" என்று அண்ணன் கேட்பான். "அண்ணா, அது மந்திரம். மந்திரத்துக்குப் பேந்தென்ன கணக்கு?" என்று தங்கை திருப்பிக் கேட்பாள்.

இதைப் பௌதிகத்துக்கும் மந்திரத்துக்கும் இடையிலான சண்டை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதை தன் வரவு செலவை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் என்பதே இரண்டு பேரின் எதிர்பார்ப்பும். தங்கைக்கு அது தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். நாலு வாரம் கழித்து அதே நாயகி ஒரு வாய்க்காலைக் கடக்க வழியில்லாமல் பிடிபட்டால், "குளத்தையே உறையவைத்தவளுக்கு இது பெரிய வேலையா?" என்று முதலில் கொதிக்கப்போகிறவள் தங்கைதான்.

அண்ணனின் கேள்விக்கு முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குளம் இரணைமடு என்று வைத்துக்கொள்ளலாம். பாதை 5 மீற்றர் அகலம், 2 கிலோமீற்றர் நீளம். ஓர் ஆள் நம்பி நடக்க 10 சென்ரிமீற்றர் தடிப்பான பனிக்கட்டி வேண்டும். அப்படியென்றால் உறையவேண்டிய தண்ணீர் 1,000 கன மீற்றர், அதாவது 1,000 தொன். வன்னியில் குளத்துத் தண்ணீர் 28 பாகை செல்சியசில் இருக்கிறது என்று கொண்டால், ஒவ்வொரு கிலோகிராமையும் பூச்சியத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 117 கிலோயூல் எடுக்க வேண்டும். பிறகு அதைப் பனிக்கட்டியாக்க மறைவெப்பம் 334 கிலோயூல். இரண்டும் சேர்ந்து 450 கிலோயூல். 1,000 தொன்னுக்கு 45,000 கோடி யூல். ஏறத்தாழ 13,000 லீற்றர் மண்ணெண்ணெயை எரித்தால் வரும் வெப்பம் இது. ஒரு பெரிய பௌசர் நிறைய மண்ணெண்ணெய்.

இந்த வெப்பம் அவளுடைய உடம்புக்குள் போயிருக்க முடியாது. போயிருந்தால் அந்தக் கணமே அவள் ஆவியாகியிருப்பாள். ஆனால் குளத்துக்குள்ளேயே போயிருக்கலாம். நிறைந்த இரணைமடு 13 கோடி கன மீற்றருக்கு மேல் தண்ணீர் கொள்ளும். அவ்வளவு தண்ணீருக்குள் ஒரு பௌசர் வெப்பத்தைக் கரைத்துவிட்டால், குளம் ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடச் சூடாகாது. மீனுக்குத் தெரியாது, கரையில் நிற்கிறவருக்கும் தெரியாது. அண்ணனின் கேள்விக்கு இவ்வளவு அழகான விடை இருக்கிறது. கதையை வரைந்தவருக்கே இது தெரிந்திருக்காது.

ஆனாலும் கணக்கு அதோடு முடியவில்லை. வெப்பம் தானாகக் குளிரான இடத்திலிருந்து சூடான இடத்துக்குப் போகாது. போகவைக்க வேலை செய்ய வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டியிருப்பது அதனால்தான். எந்த இழப்பும் இல்லாத, இதைவிடச் சிறந்தது இருக்கவே முடியாத பெட்டி ஒன்று அவளுடைய விரலில் இருந்தால்கூட, எடுத்த வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அளவு வேலை வெளியிலிருந்து வந்தாக வேண்டும். 4,000 கோடி யூல். நல்ல உடற்பலமுள்ள ஒருவர் சைக்கிள் மிதித்தால் தொடர்ந்து 100 வாட் கொடுக்கலாம். அந்த வேகத்தில் இரவு பகல் ஓய்வில்லாமல் 12 ஆண்டுக்கு மேல் மிதிக்க வேண்டும். அவளோ விரலை வைத்தாள், எடுத்தாள். அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது என்பதுதான் மிஞ்சி நிற்கும் கேள்வி. கதைக்கு வேண்டிய கேள்வியும் அதுவே.

"மந்திரம்தானே" என்ற பதில் ஏன் போதவில்லை என்பதற்குக் கதை இயலில் ஒரு விளக்கம் உண்டு. மரி-லோர் ரையன் என்ற ஆய்வாளர் 1980 இல் எழுதிய கட்டுரையொன்றில் சொன்னது இது: ஒரு கதை தன் உலகத்தைப் பற்றி வெளிப்படையாக மாற்றிச் சொல்லாத எல்லாவற்றையும், நம் உலகத்தில் இருப்பது போலவே அங்கும் இருப்பதாக வாசகர் எடுத்துக்கொள்கிறார். நாயகிக்குப் பசிக்கும் என்று யாரும் எழுதவில்லை. பசிக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். குளக்கட்டிலிருந்து தவறினால் கீழேதான் விழுவாள், விழுந்தால் கால் முறியும். இதையும் நாமாகவே கொண்டுபோகிறோம். கதாசிரியர் இந்த இலவச உதவியை எல்லாப் பக்கத்திலும் வாங்கிக்கொள்கிறார். விழுந்தால் சாவாள் என்ற பயம் இல்லாமல் மலையுச்சிச் சண்டைக்குப் பரபரப்பு ஏது? நம் உலகத்துப் பௌதிகத்தைப் பயத்துக்குப் பாவித்துவிட்டு, மாட்டிக்கொண்ட இடத்தில் மட்டும் "இது மந்திர உலகம், கேள்வி கேட்காதே" என்றால் வாசகர் கேட்கத்தான் செய்வார். அவர் கேட்பது நியாயம்.

மந்திரத்துக்கு விதி வேண்டும் என்பது மேற்கிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம்முடைய கதைகளைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. வேதாளத்தைச் சுமந்துவரும் விக்கிரமாதித்தனின் நிலைமையை யோசியுங்கள். வாய் திறந்தால் வேதாளம் மறுபடி மரத்துக்குப் போய்விடும். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை சுக்குநூறாகும். இந்த இரண்டு விதிகளும் தொடக்கத்திலேயே சொல்லப்பட்டுவிட்டன. கடைசிவரை மாறவில்லை. அந்தக் கதைத் தொடர் முழுவதும் இவற்றின்மேல்தான் நிற்கிறது. ஒரு தடவை மட்டும் வேதாளம் "பரவாயில்லை, இந்தத் தடவை பேசலாம்" என்று சொல்லியிருந்தால் மிச்சம் எல்லாக் கதையும் சரிந்திருக்கும்.

ஊர்ப் பேய்க்கதைகளும் அப்படியே. உச்சி வேளையில் தனியாகப் போகக்கூடாது. கையில் இரும்பு இருந்தால் அண்டாது. இரவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவையிலேயே ஓம் என்று சொல்லக்கூடாது. முத்தையன்கட்டுப் பக்கமோ நெடுங்கேணிப் பக்கமோ காட்டுக்கரை ஊர்களில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் இந்த விதிகளைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கும். பேய்க்கு எது முடியும், எது முடியாது என்று தெரிந்திருந்ததால்தான் பயமே வந்தது. எல்லாம் முடிந்த பேய்க்கு யாரும் ஒளிந்துகொள்ளத் தேவையில்லை, ஒளிந்து பயனில்லையே.

இதைவிட என்னை வியக்கவைப்பது அட்டமா சித்திகள். திருமந்திரம் வரை பேசப்படும் அந்த எட்டில் முதல் நாலைக் கவனியுங்கள். அணிமா சிறிதாவது, மகிமா பெரிதாவது, இலகிமா எடை குறைவது, கரிமா எடை கூடுவது. உருவத்தின் அளவு வேறு, பாரம் வேறு என்று பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சித்தி பெற வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். சித்திரக்கதை வாசகர்கள் உலகெங்கும் அடிக்கடி மல்லுக்கட்டும் கேள்வி இதுவே. நாயகன் எறும்பளவாகச் சுருங்கினால் அவனுடைய திணிவு என்னாகும்? 70 கிலோ அப்படியே இருந்தால், எறும்புக் காலடியில் அவ்வளவு பாரமும் குவிந்து, நிற்கிற மேசையை ஊசி போலத் துளைத்துக்கொண்டு இறங்குவான். திணிவும் குறைந்தால், மிச்சத் திணிவு எங்கே போனது? அணிமா மட்டும் தெரிந்தவன் அகப்படுவான், இலகிமாவும் கூடத் தெரிந்தவன் தப்புவான் என்று ஒரு கதை எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! கருவி முழுதும் நம் கையிலேயே இருக்கிறது; யாரும் எடுத்துப் பாவிக்கவில்லை என்பது எனக்கு உண்மையான ஆதங்கம்.

அளவுப் பிரச்சினையின் பௌதிகத்தை கலிலியோ 1638 இலேயே எழுதிவிட்டார். ஒரு விலங்கை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்காக்கினால் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு நாலு மடங்காகும், உடம்பின் நிறையோ எட்டு மடங்காகும். அதனால் பெரிய விலங்குக்குக் கால் தடிப்பாக வேண்டும். மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் காட்டு யானையைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தக் கால்கள் தூண்கள். யானை வேகமாக வரும், ஆனால் பாய்ந்து குதிக்காது.

இப்போது டிராகனுக்கு வருவோம். இன்று பறக்கும் பறவைகளில் மிகப் பாரமானவை 20 கிலோவை ஒட்டியே நின்றுவிடுகின்றன. பூமியில் இதுவரை பறந்தவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான குவெட்சல்கோட்லஸ் என்ற ஊர்வனத்துக்கு இறக்கை விரிப்பு 10 முதல் 11 மீற்றர். நிறை 200 முதல் 250 கிலோ என்பதே பொதுவான மதிப்பீடு. சித்திரக்கதை டிராகன் யானையை நகத்தில் தூக்கிக்கொண்டு போகும். வளர்ந்த ஆண் யானை 4,000 கிலோவுக்கு மேல். ஆக, டிராகன் இறக்கையால் பறக்கவில்லை. அங்கே இலகிமா போல ஏதோ ஒன்று வேலை செய்கிறது. சரி, அதை ஏற்றுக்கொள்வோம். ஏற்றுக்கொண்டால் உடனே கேள்விகள் வரிசையாக வரும்: மந்திரத்தைத் தடுக்கும் எல்லைக்குள் அது நுழைந்தால் கல் மாதிரி விழுமா? இறக்கை எதற்கு, திரும்புவதற்கா? நல்ல கதாசிரியர்கள் இந்தக் கேள்விகளிலிருந்தே அடுத்த அத்தியாயத்தை எடுத்துவிடுகிறார்கள்.

நாவல் வாசகர்களைவிடச் சித்திரக்கதை வாசகர்கள் ஏன் இவ்வளவு கணக்குப் பார்க்கிறார்கள்? நாவல் "மலை போன்ற டிராகன்" என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். சித்திரக்கதையில் அதை ஒரு மனிதனுக்குப் பக்கத்தில் வரைந்தாக வேண்டும். வரைந்தால் அளக்கலாம். மனிதனுக்கு ஐந்தரை அடி என்று வைத்து, போன் திரையில் ஸ்கேலை வைத்தே இறக்கையின் நீளத்தைச் சொல்லிவிடுவார்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, இரண்டு நிலவு இருக்கும் உலகில் கடல் எப்படி வற்றிப் பெருகும் என்பதெல்லாம் படத்தில் கண்ணுக்குத் தெரியும் சமாசாரங்கள்.

வாராவாரம் வரும் முறையும் ஒரு காரணம். ஒரு பக்கம் வந்தால் அடுத்தது வரும்வரை ஏழு நாள். அந்த ஏழு நாளும் வாசகர் மனம் சும்மா இருக்காது. பழைய பக்கங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பத்து ஆண்டுக்கு முன் வந்த கட்டத்தையும் எடுத்து இன்றைய கட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மாத இதழ்க் காலத்தில் போன மாதக் கதை யாரோ இரவல் வாங்கிக்கொண்டு போய்க் காணாமல் போயிருக்கும். வரைபவர் பக்கம் பார்த்தாலும் நிலைமை இக்கட்டானது. முடிவு தெரியாமலே வெளியிட்டுக்கொண்டு போகிறவர்கள் பலர். முதல் ஆண்டில் சும்மா வரைந்த ஒரு மந்திரம் ஐந்தாம் ஆண்டில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

ஆனால் படத்தில் அளக்க முடியாத ஒன்றும் இருக்கிறது: நேரம். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் இருக்கும் வெள்ளை இடைவெளியில் அரை விநாடி போயிருக்கலாம், அரை மணித்தியாலமும் போயிருக்கலாம். நம் பனிப்பாதை 10 விநாடியில் உறைந்தது என்றால் வெப்பம் போன வீதம் 45,000 மெகாவாட். இலங்கை முழுவதும் உச்ச நேரத்தில் கேட்கும் மின்வலுவே ஏறத்தாழ 3,000 மெகாவாட்தான். ஒரு மணித்தியாலம் எடுத்தது என்றால் 125 மெகாவாட்தான். எது சரி? படம் சொல்லவில்லை. அதனால் வாசகர் சண்டைகளில் அளவு, தூரம் பற்றிய வாதம் பெரும்பாலும் நிற்கும். கதி பற்றிய வாதம் பெரும்பாலும் நிற்காது. இந்த வேறுபாட்டை யாரும் கவனிக்காமல் "அவன் ஒலியைவிட வேகமாக ஓடினான்" என்று பக்கம் பக்கமாக நிறுவுவது வீண் வேலை.

கணக்குப் பார்க்கும் பழக்கத்தின் இன்னொரு வேர் விளையாட்டில் இருக்கிறது. 1974 இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டு, மந்திரங்களுக்கு எண்கள் கொடுத்தது. இத்தனை அடி தூரம், இத்தனை நேரம், நாளுக்கு இத்தனை தடவை. அதன் பழைய பதிப்பொன்றில் தீப்பந்து மந்திரம் 20 அடி ஆரையுள்ள கோளமாக வெடிக்கும். ஒடுக்கமான இடத்தில் எறிந்தால் ஏறத்தாழ 33,000 கன அடி நிரம்பும்வரை பரவும். 20 அடி ஆரைக் கோளத்தின் கனவளவும் அதுவே. குகைப் பாதைக்குள் அதை எறிந்தவர் தானே கருகிப்போன கதைகள் அந்த விளையாட்டுக்காரர்களிடம் ஏராளம். ஆங்கிலத்தில் வரும் மாயாஜால வெப்காமிக்குகளில் பல அந்த விளையாட்டின் மடியில் பிறந்தவை. வாசகர்களும் அங்கிருந்து வந்தவர்கள். எண்ணைப் பார்த்துப் பழகிய கண் எண்ணைத் தேடத்தான் செய்யும்.

நமக்கு இந்தப் பழக்கத்தைத் தந்தது வேறொன்று. 1972 இல் முத்து காமிக்சின் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தது. பிரித்தானியச் சித்திரக்கதை ஒன்றின் தமிழ் வடிவம். இங்கும் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. அந்த மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால்தான் உடல் மறையும். இரும்புக் கை மட்டும் மறையாது. விலை இருக்கிறது, குறை இருக்கிறது. நமது அப்பாமார் அதை நம்பிப் படித்ததற்கு அந்தக் குறைதான் காரணம் என்பேன். அதே கதையில் பௌதிகக்காரர் பிடித்துக்கொள்ளும் ஓட்டையும் உண்டு. முழுக்க மறைந்த மனிதனுக்குக் கண் தெரியாது. பார்ப்பதற்கு விழித்திரை ஒளியை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சினால் அங்கே இருண்ட புள்ளி இரண்டு தெரியும். ஆகவே ஒன்று குருடன், இல்லையென்றால் அந்தரத்தில் மிதக்கும் இரண்டு கண்கள். ஆனால் இந்த ஓட்டையால் எந்த வாசகரும் கதையை மூடிவைக்கவில்லை. கதை அந்த ஓட்டை வழியாக எதையும் களவாடவில்லை, அதுதான் காரணம்.

சக்தி சும்மா வராது என்பதை வன்னியில் கொஞ்சம் வயதானவர்களுக்குப் பாடப் புத்தகம் சொல்லித்தரத் தேவையில்லை. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை, பற்றரி கிடைப்பதில்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து, சில்லில் டைனமோவை அழுத்தி, பெடலைக் கையால் சுற்றி றேடியோவில் பிபிசி தமிழோசை கேட்ட காலம் அது. சுற்றியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வயரைக் கொழுவாமல் சுற்றினால் சில்லு லேசாக ஓடும். றேடியோவைக் கொழுவியதும் கை கனக்கும். மின்னோட்டம் பாயத் தொடங்கியதும் டைனமோவுக்குள் இருக்கும் காந்தத்தை எதிர்த்து ஒரு விசை வருகிறது. லென்ஸ் என்ற பௌதிகவியலாளர் 1834 இல் சொன்ன விதி அது. சாதாரண சைக்கிள் டைனமோ 3 வாட்டுக்கு மேல் தராது. அந்த 3 வாட்டையும் தோள்தான் கொடுத்தது. செய்தி முடிவதற்குள் இரண்டு பேர் மாறிமாறிச் சுற்ற வேண்டியிருந்தது.

பனிப்பாதை போட்டவளின் தோள் வலிக்கிறதா என்பதே அண்ணனின் உண்மையான கேள்வி. அடுத்த கட்டத்தில் அவள் மயங்கி விழுந்தாலோ, தலைமயிர் நரைத்தாலோ, ஒரு நினைவை இழந்தாலோ அண்ணன் அடங்கிவிடுவான். யூல் கணக்குச் சரியாக வராது, ஆனாலும் அடங்கிவிடுவான். விலை கொடுக்கப்பட்டது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

இதற்கு அடியில் ஓர் ஆழமான பௌதிக உண்மை கிடக்கிறது. சக்திக் காப்பு விதி ஏன் இருக்கிறது என்பதற்கு எமி நோதர் என்ற கணித மேதை 1918 இல் வெளியிட்ட தேற்றம் விடை தந்தது. இயற்கையின் விதிகள் நேற்று இருந்தது போலவே இன்றும் இருந்தால், அதிலிருந்தே சக்தி என்ற ஒன்று காக்கப்படும் என்பது கணிதமாக வந்துவிடுகிறது. காலத்தால் மாறாத விதிகள் ஒரு பக்கம், காக்கப்படும் ஓர் அளவு மறுபக்கம். இரண்டையும் பிரிக்க முடியாது. தேற்றத்துக்கு அதன் நிபந்தனைகள் உண்டு, எந்தக் கற்பனை உலகத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் தங்கையின் கோரிக்கையை இப்போது பாருங்கள். "போன வாரம் முடிந்தது இந்த வாரம் ஏன் முடியவில்லை?" என்கிறாள். விதி காலத்தால் மாறக்கூடாது என்கிறாள். அண்ணன் "சக்தி எங்கிருந்து வந்தது?" என்கிறான். ஏதோ ஒன்று காக்கப்பட வேண்டும் என்கிறான். நோதரின் கண்ணால் பார்த்தால் இருவரும் ஒரே விடயத்தின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறார்கள். இதை முதன்முதல் விளங்கிக்கொண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரியது.

பௌதிகப் பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லை மீறும் இடங்களும் உண்டு. இடம் விட்டு இடம் தாவும் மந்திரம் அதற்கு நல்ல உதாரணம். கிளிநொச்சியிலிருந்து ரொறன்ரோவில் இருக்கும் மாமி வீட்டுக்கு ஒரு கணத்தில் தாவினால் என்ன நடக்கும்? பூமி சுழல்வதால் கிளிநொச்சி நிலம் விநாடிக்கு ஏறத்தாழ 459 மீற்றர் கதியில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. ரொறன்ரோ 336 மீற்றர். ஆனால் ஒன்று 80 பாகை கிழக்கில், மற்றது 79 பாகை மேற்கில். பூமிப் பந்தின் ஏறத்தாழ எதிரெதிர்ப் பக்கங்கள். அங்கத்தைய கிழக்கும் இங்கத்தைய கிழக்கும் விண்வெளியில் ஏறக்குறைய எதிரான திசைகள். உந்தம் மாறாமல் தாவினவர் மாமியின் வரவேற்பறைக்குள் விநாடிக்கு 780 மீற்றர் கதியில், ஒலியைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக, சுவரில் போய் மோதுவார்.

கணக்கு அருமையானது. ஆனால் இதை வைத்து "ஆகவே கதை பிழை" என்று முடிப்பது எனக்குச் சம்மதமில்லை. தாவும் மந்திரம் என்றால் போய்ச் சேரும் நிலத்தோடு நிலமாகச் சேர்க்கும் மந்திரம் என்று எடுத்துக்கொள்வதில் ஒரு கெடுதலும் இல்லை. அந்தக் கதையில் யாராவது அந்த வேகத்தை ஆயுதமாக்கி, தாவிப் போய்க் கோட்டைச் சுவரை இடித்தால் மட்டுமே விடயம் மாறும். அன்றிலிருந்து எல்லாத் தாவலிலும் அந்த வேகம் இருந்தாக வேண்டும். பிராண்டன் சாண்டர்சன் என்ற மாயாஜால எழுத்தாளர் 2007 இல் சொன்ன விதியை வாசகர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள்: மந்திரத்தால் சிக்கலை அவிழ்க்க வேண்டுமென்றால், அந்த மந்திரம் வாசகருக்கு எவ்வளவு விளங்குகிறதோ அவ்வளவுக்குத்தான் அது திருப்தி தரும். அதற்குள் ஒரு விடுதலையும் இருக்கிறது. சிக்கலை அவிழ்க்கப் பாவிக்காத மந்திரத்துக்கு விளக்கம் கொடுக்க வேண்டிய கடமை இல்லை.

இதை எங்கள் ஊர் நன்றாக அறிந்திருக்கிறது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு முன், சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்பு நீரில் விளக்கெரிப்பார்கள். பௌதிகவியல் படிப்பிக்கிற ஆசிரியரும் அந்தக் கூட்டத்தில் நிற்பார், கும்பிடுவார். அடுத்த நாள் வகுப்பில் மறைவெப்பம் படிப்பிப்பார். அவருக்குள் எந்த மோதலும் இல்லை. அந்த விளக்கை யாரும் தேர்வில் சித்தியடையவோ எதிரியை வெல்லவோ கருவியாக்கவில்லை. அது வழிபாடு, அங்கே விதி கேட்கிறவர் இடம் மாறி நிற்கிறார். கதையிலும் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. காட்டுக்குள் பேசும் மரம், நினைவைச் சொல்லும் குளம், இறந்தவர்கள் வந்துபோகும் இரவு. அவற்றிடம் யூல் கணக்குக் கேட்கும் வாசகருக்கு அவற்றால் எதுவும் கொடுக்க முடியாது. இங்கே நான் தங்கையின் பக்கம்.

வரைபவர்கள் செய்யும் சாதாரணப் பிழைகளையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். டிராகன் ஒரு கட்டத்தில் வீடளவு, அடுத்த கட்டத்தில் மாட்டளவு என்றால், கதைக்குள் நின்று "அது சுருங்கும் இனம்" என்று விளக்கம் தேடலாம், அல்லது கதைக்கு வெளியே நின்று "வரைந்தவருக்கு நேரம் போதவில்லை" என்றும் சொல்லலாம். இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள். ஒருவர் உள்ளேயும் மற்றவர் வெளியேயும் நின்று பேசுவதால்தான் பாதிச் சண்டை முடியாமல் நீள்கிறது.

நான் உண்மையாக ஆசைப்படுவது, வன்னியைக் களமாக வைத்து இப்படியொரு தொடர் வர வேண்டும் என்று. அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், நன்றாக வரைகிறவர்களும் இருக்கிறார்கள். வேதாளத்தின் விதி, அட்டமா சித்தி, காட்டு முனி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். மந்திரம் என்ன என்று தெரிவு செய்யச் சொன்னால் நான் பனிக்கட்டியை விட்டுவிட்டு மழையைத் தெரிவு செய்வேன்.

ஒரு ஏக்கர் வயலுக்கு ஓர் அங்குல மழை என்றால் ஏறத்தாழ 103,000 லீற்றர் தண்ணீர். 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 30 கிராம். ஆகவே காற்று முழுக்க ஈரமாக இருந்தால்கூட, அந்த ஏக்கருக்கு நேர் மேலே 850 மீற்றர் உயரம்வரை உள்ள காற்றைச் சொட்டு ஈரமில்லாமல் பிழிந்தால்தான் அந்த ஓர் அங்குலம் கிடைக்கும். நெல்லுக்கு ஓர் அங்குலம் எந்த மூலைக்கு? மழை வரவழைக்கிறவள் பக்கத்து வயலின் காற்றையும், அதற்கடுத்த ஊரின் காற்றையும் இழுத்தாக வேண்டும்.

இப்படிப்பட்ட கணக்கு வன்னிக்குப் புதிதல்ல. மாரி முடிந்து குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் தீர்மானிக்கிறார்கள். இரணைமடு அதன் முழுக் கொள்ளளவான 36 அடிக்கு நிரம்பிய ஆண்டும் நிரம்பாத ஆண்டும் ஒன்றில்லை. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கூடிய தண்ணீர் என்ன செய்யும் என்பதையும் பார்த்தார்கள். அந்த விவசாயிகளின் பேரப்பிள்ளைகள் போனில் படிக்கப்போகும் கதையில், ஒருத்தி தன் அப்பாவின் வயலுக்கு மட்டும் மழையை இறக்கினால், அடுத்த பக்கம் வருவதற்குள் அண்ணனும் தங்கையும் ஒன்றாகவே கேட்பார்கள், அது யாருடைய பங்குத் தண்ணீர் என்று. வரைபவர் அந்தப் பதிலை முதலே யோசித்து வைத்திருந்தால், தொடருக்கு இரண்டாம் அத்தியாயம் அங்கேயே தயார்.